பிடியரிசிப் பானை

பிள்ளைகளே, உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிப்பானையில் போடுவது உங்களுக்குத் தெரியும். சாந்தன்பாறையில் விடாத மழையால் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை நின்றுபோன வாரம், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நமக்கு அடுத்த வீட்டுப் பெண் வந்து வாசலில் நின்றாள். அவளுடைய ரேஷன் கார்டு மலைக்குக் கீழே கம்பம் ஊரில் இருந்தது; இங்கே அரிசி வாங்க முடியாது.

“அண்ணே, ஒரு உழக்கு அரிசி தாங்க. வேல தொடங்கவும் தந்துருதேன்.”

வீட்டு அரிசி அன்றைய இரவுக்குத்தான் காணும். பிடியரிசிப் பானை மட்டும் நிறைந்திருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

“அது கர்த்தருக்கு எடுத்து வச்சது, தங்கச்சி.”

“கர்த்தருக்கா பசிக்கு? எம்பிள்ளைகளுக்குல்லா பசிக்கு!” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். “கோழிக்கு ஆகும்” என்று ஒருவர் நம் அரிசியை எடுத்தார்.

திரும்பி வந்தபோது அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளோடு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கேயும் வரவில்லை என்றார்கள்.

தினமும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் இல்லையென்று சொன்னது அவளிடம்தானே.