டாடி கேட்ட ரெண்டு க்ளிக்

கம்பெனி பஸ்ஸிலிருந்து மாதனூரில் இறங்கும்போது என் கையில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை அடிக்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. வீட்டு கேட்டைத் திறந்தால் அதையும் மிஞ்சி கிரீஸ் வாசனை... டாடி மறுபடியும் ஜீப்பை நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேம்பிள் ரூம் வேலை. டாடி ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். டாக்டர், நர்சுகளை ஏற்றிக்கொண்டு மலை கிராமங்களுக்குப் போய் வந்தவர். ரிட்டயர் ஆனதும் ஆசையாக ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். எடுத்த கொஞ்ச நாளிலேயே முதுகில் ஆபரேஷன்.

"கார்ல போங்க. தூக்கிப் போடுற வண்டி மட்டும் வேணாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜீப் தூக்கிப் போடாமல் வேறென்ன செய்யும்? அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய பழைய லீஃப் ஸ்பிரிங். சின்ன கல்லில் ஏறினாலே தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

அன்றிலிருந்து டாடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கேட்டுக்கும் நடப்பார். ஜீப்பை ஸ்டார்ட் செய்வார், ஆஃப் செய்வார். பாதி சாப்பாட்டில் எழுந்துபோய் டயரை அமுக்கிப் பார்ப்பார். "பீஞ்சமந்தை ரோடு இப்ப எப்படி இருக்கோ..." என்பார், யாரிடம் என்றில்லாமல். ஒடுகத்தூருக்கு மேலே இருக்கும் மலை அது. அப்போது அங்கே கல்லும் மண்ணும்தான் ரோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாகவும் இருக்கும்.

அண்ணன் சாமுதான் வேலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தான். காயிலோவர்! ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே ஷாக் அப்சார்பர் நிற்கும். வெளியே இருக்கும் வளையத்தைத் திருகினால் வண்டி உயரும். குமிழை க்ளிக் க்ளிக்கென்று திருப்பினால் ஷாக் டைட் ஆகும், லூஸ் ஆகும்.

"இதைப் போட்டா டாடி மலைக்கே போலாம்" என்றான். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சென்னையில் ஒரு ரேஸ் வண்டியிலிருந்து கழற்றிய செட் கிடைத்தது. கூடவே மெல்லிசு, தடிசு என்று இரண்டு ரக ஸ்பிரிங். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று அண்ணன் தடிசை எடுத்தான். ஆம்பூரில் ஷெட் வைத்திருந்த நசீர் பாய் வெல்டிங் அடித்து மாட்டினார். அண்ணன் வளையத்தைத் திருகித் திருகி ஜீப்பை உசரமாக நிறுத்தினான்.

அடேயப்பா, என்ன கம்பீரம்! டாடி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஏறினார்.

பாலாற்றுப் பக்கம் மண் பாதையில் அண்ணன் ஓட்டினான். முதல் பள்ளத்திலேயே டமார்... டாடி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் அவர் ஜீப் பக்கமே போகவில்லை. வாசலுக்கும் நடக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வித்துடுங்கப்பா" என்றார் ஒருநாள்.

ஷெட்டில் அண்ணனும் பாயும் குமிழோடு மல்லுக்கட்டினார்கள். "இன்னா சாமு, பேஜாரா போச்சு. ஜாஸ்தி வெச்சாலும் குதிக்குது, கம்மி வெச்சாலும் குதிக்குது!"

அந்த வாரம் கம்பெனியில் ஒரு லேடீஸ் ஷூவுக்கு ட்ரையல். அளவான கால் உள்ள பெண்ணைத் தைக்கும் லைனிலிருந்து கூப்பிட்டு, ஷூவைப் போட்டு, நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்த்தால்தான் எங்களிடம் பேட்டர்ன் பாஸ் ஆகும். புதிதாக வந்த சூப்பர்வைசர் அவளை உட்கார வைத்தே பார்த்துவிட்டு ஓகே என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"எழுந்து நிக்கச் சொல்லுங்க சார்! வெயிட் இறங்கினாதானே கால் விரியும்..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. பர்மிஷன் போட்டுவிட்டு நேராக ஷெட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா, நாம உக்காந்த காலுக்கு அளவு எடுத்துட்டோம்!"

"இன்னாடி உளர்ற?"

"காலி வண்டிய வெச்சு செட் பண்ணிட்டோம். டாடி இல்ல, நான் இல்ல, தண்ணி கேன் இல்ல. ஆளை ஏத்திட்டுப் பாரு!"

நாங்கள் ஏறிக்கொண்டு, டாடி இடத்தில் அரிசி மூட்டையையும் ஏற்றினோம். வண்டி ஒரு விரல்கூட இறங்கவில்லை. அதனால்தான் எல்லாக் குலுக்கலும் நேரே ஆளுக்கு வந்தது. தடிசு ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லிசை மாட்டி, வளையத்தையும் தளர்த்தினார் பாய். இப்போது எல்லோரும் ஏறியதும் ஜீப் சாவகாசமாக அமர்ந்தது. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே எட்டுவதற்கு இடம் கிடைத்தது. அப்புறம்தான் குமிழ் சொன்ன பேச்சைக் கேட்டது. அதே பள்ளத்தில் போய்ப் பார்த்தோம். மூட்டை அசையவில்லை.

"ஒரே ஒரு தடவை வாங்க டாடி. புடிக்கலன்னா நாளைக்கே வித்துடலாம்."

மனசில்லாமல் வந்தார். பீஞ்சமந்தை வரை கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அண்ணன் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். நான் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

மேலே போய் இறங்கினார். இடுப்பைப் பிடிக்கவில்லை. ஜீப்பைச் சுற்றி வந்தார்.

"இன்னாடா வண்டி இது? ரோடே தெரியல. எனக்கு இங்க ஒவ்வொரு கல்லும் தெரியும், ஒண்ணுகூட இன்னிக்கு வந்து சொல்லல. கொஞ்சம் டைட் பண்ணு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். நான் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ரெண்டு க்ளிக் டைட் வைத்தோம். மலை இறங்கும்போது டாடி நிறுத்தாமல் பேசினார்... "இந்தக் கல்லுலதான் டாக்டரம்மா கத்துவாங்க. இங்கதான் ரேடியேட்டர் கொதிச்சுது. மெதுவா, இப்ப ஒரு மேடு வரும் பாரு!"

இன்றைக்கு என் காரில் வேலூர் போனால் டம்ளர் தண்ணீர் சிந்தாது. எனக்குத்தான் ரோடே தெரியாமல் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் இருப்புக்கொள்வதில்லை. டாடி போய் வருஷங்கள் ஆயிற்று. ஜீப் அண்ணனிடம் இருக்கிறது. போன வாரம் ஷாக்குக்கு ஆயில் மாற்றும்போது போன் செய்தான்.

"ஏய்... பசங்க குதிக்குதுன்றாங்க. அந்த ரெண்டு க்ளிக்கை லூஸ் பண்ணிடவா?"

"கை வெச்சே... தொலைச்சிடுவேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னான், "நானும் கை வைக்கலடி. நீ இன்னா சொல்றன்னு பார்த்தேன்."