இஞ்சியிலிருந்து வராத சொல்

மைதிலி டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது புதுச்சத்திரம் வட்டாரத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பதினெட்டு வருசம் ஒரே தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். அவர் எழுதிக் கொடுத்த நோட்ஸைப் பிள்ளைகள் முற்றுப்புள்ளி பிசகாமல் நெட்டுருப் போடுவார்கள். இங்கே படிப்பென்றால் அதுதான். யோசித்தால் மார்க் குறையும்.

அந்த நோட்ஸில் ‘ஜிஞ்சர்லி’ என்றொரு சொல். பார்த்துப் பார்த்து, பதனமாக என்று பொருள். ஜிஞ்சர் நம் இஞ்சியிலிருந்து போனது என்பார்கள். அப்படியானால் ஜிஞ்சர்லியும் நம்முடையதே என்று டீச்சர் உற்சாகத்தில் எழுதிவிட்டார். அகராதியைப் புரட்டவில்லை. தமிழ்ப் பெருமை பொங்கும்போது யார்தான் புரட்டுகிறார்கள்?

நேற்றுதான் புரட்டினார். இஞ்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய பிரெஞ்சில் ‘நளினமான’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். நாட்டியத்தில் சின்னச் சின்ன அடி வைப்பதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்களாம். விடிந்ததும் டீச்சர் பள்ளிக்கு ஓடினார்.

காரணம், இன்று காலை பெற்றோர் கூட்டம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் சம்பாதித்துப் பள்ளி கட்டிய தாளாளர் வேலுமணி, அந்த இஞ்சிக் கதையை மேடையில் பேச மனப்பாடம் செய்திருந்தார். அவர் படியேறும் முன் மைதிலி மறித்தார்.

“சார், அந்த இஞ்சி விசயம் தப்புங்க. நான் சரியாப் பாக்காம எழுதிட்டனுங்க.”

வேலுமணியின் முகம் கறுத்தது. “அட்மிசன் நேரமுங்க டீச்சர். இதப் பத்தி வாயத் தொறந்தீங்கன்னா நாளையிலிருந்து வர வேண்டாமுங்க.”

மைதிலியின் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அது வேலுமணிக்கும் தெரியும்.

பிடிவாதக்காரர், மேடையேறி அந்தக் கதையை அப்படியே பேசினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போதாதென்று, “இதக் கண்டுபுடிச்சதே எங்க மைதிலி டீச்சருங்க. வாங்க டீச்சர், ரெண்டு வார்த்த சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினார். வாயைக் கட்ட இதைவிட நல்ல வழி இல்லையென்று நினைத்திருப்பார்.

மைதிலி மைக்கை வாங்கினார். முன்வரிசையில் பழைய மாணவி சௌமியா, மடியில் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்த நோட்ஸின் வரிகளை அதன் காதில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை. மைதிலிக்கு அவமானமாக இருந்தது.

“அது தப்புங்க” என்றார் மைக்கில். “இஞ்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. பாக்காம எழுதுனது நானுங்க.”

சௌமியா அவசரமாகக் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

“சரியானதச் சொல்லுங்க டீச்சர், எழுதிக்கறனுங்க.”

வேலுமணி அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார். மைதிலி தொண்டை கிழியக் கத்தினார்.

“எழுதாத சாமி! நாஞ்சொன்னாலும் நம்பாத. நீயே தேடிப் பாரு!”