நடக்கிற பக்கம்

லாண்டரியில் அவளுக்கு ‘ஓரக்கண்’ என்று பெயர். யாராவது நலம் விசாரித்தால்கூட, இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறான் என்று ஓரக்கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிழைக்க நகரத்துக்கு வந்த புதிதில், வேலை வாங்கித் தந்த சொந்தச் சித்தப்பாவே முதல் மாதச் சம்பளத்தை விழுங்கி ஏப்பம் விட்டவர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் உலகத்தில், வெளுப்பதையே தொழிலாகக் கொண்ட அவள் மட்டும் எதையும் நம்பவில்லை.

ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் ஈரமாகப் போய், மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அவற்றை இரண்டு பேர் மடிக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. ஒருத்தி நின்ற இடத்தில் நிற்பாள். மற்றவள் தன் முனைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து அவள் கையில் சேர்த்துவிட்டு, அடுத்த விரிப்புக்குத் திரும்பிப் போவாள். பதினொரு வருஷமாக நடப்பவள் ஓரக்கண். நிற்பவள் உள்ளூர்க்காரி. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. முதல் நாள் அப்படி அமைந்தது, அதுவே சாசனமாகிவிட்டது. உள்ளூர்க்காரியை அவள் வாயால் ‘அக்கா’ என்பாள். மனசுக்குள் ‘உளவு’ என்பாள்.

அக்கா இந்தச் சலவை ஆலையின் நேரடி ஆள். இவளோ ஒப்பந்தக்காரர் அனுப்பிய வெளியூர் ஆள். ஒரே விரிப்பு, ஒரே மடிப்புதான். ஆனால் சம்பளம் நிற்கிறவளுக்குப் பத்து என்றால் நடக்கிறவளுக்கு ஆறு.

அந்தத் திங்கட்கிழமை சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நகரத்தில் ஐந்து வருஷம் குடியிருந்ததற்கு அத்தாட்சி கொடுத்தால் ஒப்பந்த ஆளும் நேரடி ஆளாகலாம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஓரக்கண் அதை மூன்று தடவை படித்தாள். நல்ல செய்தியை எவன் சுவரில் ஒட்டுவான்? ஆனாலும் அவளுடைய ஒன்பது வயது மகள் ஊரில் மாமியாரிடம் வளர்கிறாள். சம்பளம் கூடினால் அவளை இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்த்துவிடலாம். ஆசை சந்தேகத்தைவிட ஒரு விரற்கடை உயரமாக நின்றது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விலாசம் தெரிந்தால் எவனாவது தேடி வந்து எதையாவது பிடுங்குவான் என்று பயந்து, மருத்துவமனைச் சீட்டிலிருந்து கைபேசி வரை எல்லாவற்றுக்கும் அவள் ஊர் விலாசத்தையே கொடுத்திருந்தாள். காகிதங்களைக் கேட்டால், அவள் பிறந்த ஊரைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரிடம் போனாள். அவர் உட்காரச் சொன்னார். அப்போதே காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் அப்படி ஓர் அறை இருப்பது வெளியே தெரிந்து வரி வந்துவிடும் என்றார். குடிவந்த அன்று ரசீதே வேண்டாம் என்று சொன்னது அவள்தான் என்றும் நினைவுபடுத்தினார். அது உண்மையாக வேறு இருந்து தொலைத்தது.

வீட்டுக்காரர் கைவிரித்தது எப்படியோ அக்காவின் காதுக்கு எட்டியிருந்தது. புதன்கிழமை, விரிப்பு கைமாறும்போது மெதுவாக ஆரம்பித்தாள். “என் வீட்டு விலாசத்தைப் போடு. பின்கட்டு ரூம்ல நீ குடியிருக்கேன்னு நான் கையெழுத்துப் போடறேன்.”

ஓரக்கண் அடுத்த விரிப்புக்குத் திரும்பி நடந்தாள். சும்மா வருகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவளானால் வாலையும் தூக்கிப் பார்ப்பவள். பின்னால் இதைச் சொல்லிப் பங்கு கேட்பாளோ? கையெழுத்தைப் போட்டுவிட்டு மேலே போய்ப் போட்டுக் கொடுப்பாளோ? அந்த அம்மா நல்லவங்களாக்கூட இருக்கலாமே என்றான், அன்றிரவு மாடிப்படி அறையில் கணவன். சித்தப்பாவையும் அவன் அப்படித்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை நேராகவே கேட்டுவிட்டாள். “இதுல உங்களுக்கு என்னக்கா லாபம்?”

அக்கா உருளையின் பக்கம் தலையைத் திருப்பினாள். “போன மாசம் பக்கத்து மெஷின்ல நின்னவளை அனுப்பிட்டான், பார்த்தல்ல? இப்ப அங்க ரெண்டு பக்கமும் உங்காளுங்க. ஆறுக்கு ஆள் கிடைச்சா, பத்து குடுத்து என்னை எதுக்கு வெச்சிருக்கணும்? நீ மலிவா இருக்கற வரைக்கும் என் பொழப்பு அந்தரத்துலதான்.”

ஓரக்கண்ணுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்பால் செய்கிறேன் என்றிருந்தால் அந்தத் தாளை அவள் தொட்டிருக்கவே மாட்டாள். சுயநலம் என்றதும் நம்பிக்கை வந்துவிட்டது. நிஜமான விலாசத்துக்குக் கிடைக்காத சாட்சி பொய்யான விலாசத்துக்குக் கிடைத்தது. மத்தியானத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போனது.

அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் பத்து வரவில்லை, எட்டுதான் வந்தது. சூப்பர்வைசர் பொறுமையாக விளக்கினார். முந்தைய பதினொரு வருஷம் ஒப்பந்தக்காரர் பாடு, ஆலைக்குச் சம்பந்தமில்லை. ஆலையைப் பொறுத்தவரை அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. “அனுபவம் இல்லாதவங்களுக்கு எட்டுதாம்மா.”

எட்டுக்கு மகள் வரலாம். பள்ளிக்குக் கட்டியது போக மூன்று வாய்க்கு என்ன மிஞ்சும் என்பதுதான் தெரியவில்லை. அவள் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

முதல் விரிப்பு வந்தது. அவள் தன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அக்கா எதிர்ப்பக்கம் காத்திருந்தாள். உருளை அடுத்த விரிப்பைத் துப்பத் தொடங்கியது.

“என்னடி, வரலையா?”

“புது ஆள்க்கா. பழக்கமில்ல.”

அக்கா அவளை முறைத்தாள். சூப்பர்வைசர் அறையைப் பார்த்தாள். பிறகு விரிப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். பன்னிரண்டாவது விரிப்பில் முழங்காலைத் தடவிக்கொண்டே, ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நடை இருக்கும் என்று கேட்டாள். நானூறு என்றாள் ஓரக்கண்.

இருக்கவே இருக்காது என்று அக்கா ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, பதின்மூன்றிலிருந்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.