நான் கயபாவாக நடித்த வருஷம்

சணல் தாடி, கோந்து நாற்றம், கையை விட்டுப் போகாத ஆயில் பிசுக்கு... இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் என்றால் என் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அப்போது ஓசூரில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி பார்ட்ஸ் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ட்ரெய்னி. சொந்த ஊர் பாரூர். வீட்டில் மாரியம்மனைத் தவிர வேறு சாமி தெரியாது. ரூம்மேட் ஆரோக்கியம்தான் சர்ச் நாடகத்துக்கு டைரக்டர். இயேசுவைக் கொல்லச் சொல்லும் தலைமைக் குரு கயபாவின் வேஷத்துக்குச் சர்ச் ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. பாவமாம்! என் தலையில் கட்டிவிட்டான்.

ஒத்திகையில் நான் கண்ணை உருட்டிச் சிரித்துக் காட்டினேன். கடுப்பாகிவிட்டான்.

"டேய், சினிமா வில்லன் மாதிரி பண்ணாத. அந்தாளு ஊரைக் காப்பாத்துறதா நெனச்சுத்தான் பேசுறாரு. ரோமாக்காரன் எல்லாரையும் அழிச்சிருவான், ஒருத்தன் செத்தா போதும்னு... அக்கறையா சொல்லு."

அவனுடைய பைபிளை வாங்கி நற்செய்தியைப் படித்தேன். ஜனங்கள் இயேசு பக்கம்தான் இருந்திருக்கிறார்கள். அவருக்காக அழுதவர்களும் அவர் இனத்தார்தான். மேலே இருந்த சிலருக்குத்தான் நாற்காலி ஆடியிருக்கிறது. சாட்சி தேடிப் பிடித்தும், ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோடு ஒட்டவில்லை.

அதே வாரம்தான் முனிராஜ் அண்ணன் விவகாரம்.

ஜூஜுவாடிக்காரர், எனக்குப் பக்கத்து மெஷின். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஆஃப் செய்துவிட்டு, வேகமாக பிரஸ்ஸை ஓட்டச் சொன்னார்கள். கை போய்விடும், மாட்டேன் என்றார். சூப்பர்வைசரை அடித்தார் என்று என்கொயரி வைத்துவிட்டார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"அவன் அடிச்சத நீ பாத்தன்னு சொல்லிடுப்பா. ஆர்டர் போச்சுன்னா கம்பெனியே மூடணும். ஒருத்தன் போனா போறான்... மத்தவங்க பொழைக்கலாம்ல?"

அட, என் டயலாக்! அதே அக்கறை. சணல் தாடிதான் இல்லை.

"அவரு அடிக்கல சார். என்கொயரியிலயும் அதத்தான் சொல்லுவன்."

சொன்னேன். அண்ணன் வேலை போனது போனதுதான். எனக்கும் வேலை கன்ஃபர்மேஷன் வரவில்லை.

புனித வெள்ளியன்று மேடையில் அந்த மேனேஜர் மாதிரியே, குரலை உயர்த்தாமல் பேசினேன். கீழே கூட்டத்தில் முனிராஜ் அண்ணன் மட்டும் விசில் அடித்தார்.

இப்போது வேறு கம்பெனியில் நானே லைன் இன்சார்ஜ். ஆரோக்கியம் ஊருக்குப் போய்விட்டான், நாடகமும் நின்றுவிட்டது. அந்தக் கோந்து நாற்றத்துக்குக்கூட மனசு ஏங்குகிறது.

அந்த டயலாக் மட்டும் நிற்கவில்லை. போன மாதம் இங்கே மேனேஜரின் ஏசி ரூமில், காபியோடு வந்தது. சென்சார் ரிப்பேர் என்று புகார் செய்த ஒரு பெண்மேல் பொய் ரிப்போர்ட் எழுத வேண்டுமாம்.

"வேற ஆளப் பாத்துக்குங்க சார். நான் அந்த வேஷத்தக் கலைச்சு ரொம்ப நாளாச்சு."

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்தப் பெண் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்... என் லைனில் ஒரு சென்சார்கூட ஆஃப் இல்லை.