அறிக்கையில் விட்டுப்போன காரணம்

மொன்றியலுக்கு வடக்கே ஒரு கல் குவாரியில் எனக்கு வேலை. பாறையில் துளையிட்டு, மருந்து நிரப்பி, வெடிக்க வைப்போம். கல் எந்த அளவில் உடைகிறது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல் நொறுக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் போகாத கல் எங்கள் தொழிலில் அவமானம்.

நான் நாள், நட்சத்திரம் பார்க்கிறவன் அல்ல. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். ஆனால் என் பொறுப்பில் வைக்கும் முதல் வெடி ஒரு வியாழக்கிழமை வந்தது. மருந்து நிரப்பத் தொடங்க வேண்டிய நேரம் மதியம் ஒன்றரை. தமிழ்க் கடையில் தந்த கலண்டரில் ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்ததா, மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதிச் சூரியனுக்கா என்று படித்த மூளை கேட்டது. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. இணைப்புக் கம்பிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் மூன்று மணிவரை நிறுத்திவைத்தேன்.

இரண்டேகாலுக்கு மழை கொட்டியது. காலையில் காய்ந்து கிடந்த துளைகளில் தண்ணீர் நின்றது. எங்கள் மருந்துக்குத் தண்ணீர் ஆகாது. நல்ல நேரத்தில்தான் வெடித்தோம். பாறை கார் அளவு துண்டுகளாகச் சாவகாசமாகச் சரிந்து உட்கார்ந்தது.

மேலாளர் காரணம் கேட்டார். பாறையின் விரிசல்கள், துளைகளின் இடைவெளி, சாய்வு, மழை என்று அறிக்கை எழுதினேன். மழைக்கு முன்பே நிரப்பியிருக்கலாம் என்பதை மட்டும் எழுதவில்லை. மழையை வேலையிலிருந்து மாற்ற முடியாது. துளையிட்ட எங்கள் ஊர் அண்ணையை மாற்ற முடிந்தது. எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான். அவருடைய துளைகள் நூல் பிடித்ததுபோல் நேரானவை என்பதும் எனக்குத் தெரியும். அவரைத் துளை இயந்திரத்திலிருந்து இறக்கி, என் பெருங்கற்களை உடைக்கும் சுத்தியல் இயந்திரத்தில் ஏற்றினார்கள். கல் தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது.

மூன்று வாரம் அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த வெடி நாளில் அண்ணை என்னிடம் வந்தார்.

“தம்பி, இண்டைக்கு ராகுகாலம் எத்தினை மணிக்கு? அதுக்குள்ள நான் சாப்பிட்டிட்டு வாறன்.”

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானே போய்ச் சொல்வேன் என்று மூன்று வாரம் காத்திருந்திருக்கிறார்.

மேலாளரின் கதவைத் தட்டினேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் ராகுவை விளக்க அரை மணி நேரம் பிடித்தது. மறுநாள் அண்ணை துளை இயந்திரத்தில் ஏறினார். மிச்சக் கல்லை உடைத்தது நான்.