வேட்டி கட்டிய கண்மாய்க் கரை

அறுபதுகளில் எங்கள் ஆபீசில் நான் ஒருத்திதான் பெண் இன்ஜினீயர். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க் கரையின் மட்டம் பார்க்கப் போனேன். கருவியின் தொலைநோக்கியில் நான் பார்க்க, எதிரே உள்ளூர்க்காரர் ஒருவர் அளவுகோலைப் பிடித்து நின்றார். நடுவே ஊர் ஆண்கள் வேடிக்கை பார்க்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

“பொம்பளப்புள்ள அதுல என்னத்தப் பாக்குது?” என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“இதுல எல்லாமே தலைகீழாத்தாங்க தெரியும். குறுக்க வந்தா நீங்களும் தலைகீழாத்தான் நிப்பீங்க” என்றேன். அந்தக் காலத்துக் கருவிகளில் அது உண்மையும்கூட.

அத்தனை கைகளும் வேட்டியை இறுக்கிப் பிடித்தன. மறு நிமிடம் கரையில் ஈ காக்கை இல்லை. வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்து பார்த்தேன். அளவுகோல் தரையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்தவரும் வேட்டிதான் கட்டியிருந்தார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.