றிசல்ட் வருமட்டும்

எட்டு வருடமாகக் கண்ணகை அக்கா என் கடைக்கு ஒரு பிள்ளையைக்கூட வேலைக்கு அனுப்பவில்லை. கல்லடியில் பேக்கரிக்கு அனுப்பினார், சைக்கிள் கடைக்கு அனுப்பினார், பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியந்தீவுப் புடவைக்கடைகளுக்கெல்லாம் அனுப்பினார். வள்ளத்து இஞ்சின் திருத்தும் என் கடை மட்டும் அவர் கண்ணில் படவில்லை. போன கிழமை அவர் செத்த முப்பத்தோராம் நாள் சடங்கில் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது.

அக்காவின் தொழில் இடியப்பம். விடிய முதல் அவித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொடுப்பார். அவர் ஓரிடத்தில் இருந்ததை நான் கண்டதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் சைக்கிளைப் பிடித்தபடி நின்று குடிப்பார். எந்தக் கடையில் ஆள் குறைவு, எந்த முதலாளி கைநீட்டுவான், எவன் பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிட விடமாட்டான், எல்லாம் அவருக்குத் தெரியும். பதினோராம் வகுப்பு முடித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் றிசல்ட் வருமட்டும் மூன்று மாதம் சும்மா இருக்கும். அதுகள் அவர் வீட்டுப் படலையில் வந்து நிற்கும். தானே கூட்டிப்போய் வேலைக்குச் சேர்ப்பார். முதலாளியிடம் ஒரு வாக்கு வாங்குவார். றிசல்ட் வந்த அன்றே பிள்ளையை மேலே படிக்க விட்டுவிட வேண்டும், வேலை பாதியில் கிடந்தாலும்.

எட்டு வருடத்துக்கு முதல் எனக்கும் அப்படித்தான் மதுஷனைக் கொண்டுவந்தார்.

“மெலிஞ்சவன் எண்டு பாக்காத தம்பி. கணக்கில கெட்டிக்காரன்.”

“இஞ்சினுக்குக் கணக்கு என்னத்துக்கு அக்கா?”

“உன்ட கடையில ஒரு ஆளுக்காவது தெரியட்டுமே.”

ஒரு மாதத்தில் காபரேட்டரைத் தனியே கழற்றிப் பூட்டினான். மார்ச் கடைசியில் றிசல்ட் வந்தது. கணக்குக்கு ஏ எடுத்துச் சிரித்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் மாரிக் கடல் அடங்கி, வள்ளக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். கடை நிலத்தில் பதினொரு இஞ்சின்.

“இதுகள் முடியட்டும் மனே, ரெண்டு கிழமைதான். பள்ளிக்கூடம் எங்கயும் ஓடாது” என்றேன்.

இரண்டு கிழமை இரண்டு மாதமானது. சம்பளத்தைக் கூட்டினேன். அவன் பள்ளிக்கூடக் கதையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அக்கா வந்தார். “வாக்குத் தந்தாயே தம்பி.”

“நான் என்ன கட்டியா வச்சிருக்கிறன்? அவனா நிக்கிறான்.”

மதுஷனின் எண்ணெய்க் கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார். அதற்குப் பிறகும் இடியப்பம் வந்தது, பிள்ளைகள்தான் வரவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். தொழில்தான் எனக்குச் சோறு போட்டது, அவனுக்கும் போடுகிறது. சத்தத்தைக் கேட்டே இஞ்சினின் குறையைச் சொல்லுவான், அப்படி ஒருவன் கல்லடியில் வேறு இல்லை. இதை எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் என் மகள் பிரஷாந்தி பரீட்சை எழுதினாள். புளியந்தீவில் மருந்துக்கடை ஒன்றில் நிற்க ஆசை. “கண்ணகை மாமியட்டச் சொல்லுங்க அப்பா” என்று நின்றாள். இரண்டு நாள் அக்காவின் படலையைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தேன். மூன்றாம் நாள் அவரே கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“ரோட்டுத் தேயுது தம்பி. மகளக் கூட்டிட்டு வா.”

மருந்துக்கடை முதலாளியிடம் வழமையான வாக்கைக் கேட்டார். முதலாளி “பாப்பம்” என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பாக்கிற? றிசல்ட் வந்த அண்டைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போவன்.”

அக்கா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி வாக்குக் கொடுத்தார்.

திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் பாதி வழியில் சைக்கிளைக் கம்பியில் சாய்த்துவிட்டு, தானும் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“ஏலாம இருக்கா அக்கா?”

“அத விடு. நான் சொல்றதக் கேளு.”

அதற்குப் பிறகு பதினைந்து நாளில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். றிசல்ட் இன்னும் வரவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள். மதுஷன் இப்போதும் எனக்கு முன்னால் இருந்து இஞ்சின் கழற்றுகிறான். நான் வாயைத் திறக்கிறேன், ஸ்பானரை எடு என்கிறேன், மூடுகிறேன். அக்கா பாலத்தில் சொன்னது இவ்வளவுதான்:

“மகளக் கூட்டப் போறதுக்கு முதல், மதுஷனட்ட ஒருக்காக் கேளு, இன்னும் படிக்க விருப்பமா எண்டு. அவன் என்ன சொன்னாலும் பறவாயில்ல. நீதான் கேக்கணும்.”